மேனேஜர் கடக்கும் நேரம்

ஜனவரி 19, திங்கள்

மாத்திரை போட்டது, சாப்பிட்டது, தூங்கினது எல்லாவற்றையும் தினமும் எழுதி, அடுத்த தடவை வரும்போது கொண்டுவர வேண்டும் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எழுத வேண்டியவர் என் வீட்டுக்காரர். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். நான் அஞ்சாம் வகுப்பு வரை போனவள். அதனால் என் நோயை நானே எழுதுகிறேன். இது உரக்கடையில் கொடுத்த டைரி.

ராத்திரி மாத்திரை போட்டேன். சோறு சாப்பிட்டேன். தூங்கினேன்.

நோய் ஒன்றும் இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

போட்டேன். தூங்கினேன். எழுந்தபோது வாயில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல இருந்தது. கோழிக்குத் தண்ணீர் வைக்கும்போது செம்பு கைநழுவி விழுந்தது. இதையும் எழுதச் சொன்னார்களா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

டாக்டர் என்னிடம் மூன்று கேள்விதான் கேட்டார். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, காதில் யாராவது பேசுகிறார்களா. நான் மூன்றாவதற்கு வாயைத் திறப்பதற்குள் சீட்டு எழுதி முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. வாசல் வரைக்கும் சனம் நின்றது. அவர் கேட்காமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நேரம் கிடைத்தால் படிக்கட்டும்.

எங்கள் ஊர் நாலுவழிச் சாலைக்கு இந்தப் பக்கம். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். ரோடு போட்டவர்கள் கடக்கிற பாலத்தை எங்கோ தள்ளி, கல்குவாரிக்குப் பிரிகிற விலக்கில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நடுத்தடுப்பில் ஒரு உடைப்பு இருக்கிறது. பிள்ளைகள் அதன் வழியாகத்தான் ஓடிக் கடக்கும். என் மகள் சண்முகக்கனி பதினொன்றாம் வகுப்பு. கார்த்திகை மாதம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, அந்த இடத்தில் லாரி அடித்தது. அதைப் பற்றி அவ்வளவுதான்.

நாங்கள் ஆடு வைத்திருந்தோம். ஆடு கடந்தால் எந்த வண்டியும் நின்றாக வேண்டும். ஆட்டை அடித்துவிட்டுப் போனால் ஊர் கூடி மறித்துவிடும் என்று லாரிக்காரனுக்குத் தெரியும். கனி போன பிறகு, அந்தப் பக்கம் மேயவிட்ட ஆட்டை நான் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்துப் பத்திக்கொண்டு வருவேன். பிள்ளைகள் ஆட்டோடு ஆடாக நடுவில் நடந்து வரும். சின்னதுகள் ஆட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். ஒரு ஹாரன் சத்தம் இருக்காது.

தினமும் ஒரே நேரத்தில் ரோட்டை மறிக்கிறாள் என்று யாரோ எழுதிப் போட்டார்கள். போலீஸ் வந்து வீட்டுக்காரரைத் திட்டியது. அவர் பயந்த மனுஷர். அரைப் பரீட்சை லீவில் மொத்த ஆட்டையும் வியாபாரிக்குப் பேசி வண்டியில் ஏற்றிவிட்டார். பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் தொரட்டிக் கம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ரோட்டில் நின்று கம்பைக் குறுக்கே நீட்டினேன். வண்டிகள் நின்றன. பிள்ளைகள் கடந்தார்கள்.

ஆடு இருந்தவரை நான் ஆட்டுக்காரி. ஆடு இல்லாமல் நின்றதும் பைத்தியக்காரி. என் நோய் இதுதான் டாக்டர்.

ஜனவரி 23, வெள்ளி

மாத்திரை போட்டேன். மத்தியானமும் ஒன்று உண்டு. சாயங்காலம் நிற்கப் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். டெய்லர் மகன் ஒற்றைச் செருப்போடு நின்றான். மற்றது கார் டயரில் போய்விட்டதாம். சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

நாளை முதல் மத்தியான மாத்திரை கிடையாது.

ஜனவரி 25, ஞாயிறு

வீட்டுக்காரர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துவிட்டு அப்படியே கையைக் கழுவினார். ஏன் என்று எனக்குத் தெரியும். வியாபாரி ஏற்றியதில் மேனேஜரும் போய்விட்டது. மேனேஜர் என்பது கிடா. எல்லா ஆட்டுக்கும் முன்னால் தலையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் என்று கனி வைத்த பேர். அதை அவள் சுடலைமாடனுக்கு நேர்ந்து, காதில் கீறி, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி விட்டிருந்தாள். நேர்ந்த கிடாவை எங்கள் பக்கம் யாரும் விற்கமாட்டார்கள். அந்த மஞ்சள் துணி எப்போதோ அறுந்து விழுந்திருக்கிறது. போலீஸ் பயத்தில் இவருக்குக் காதைப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவருக்கு யாரும் மாத்திரை கொடுக்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

ஆஸ்பத்திரி. டாக்டர் டைரியைப் பிரிக்கவில்லை. "இன்னும் ரோட்டுக்குப் போறாளா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார். "போய்க்கிட்டுதான் இருக்காய்யா" என்றார் இவர். கவுன்சிலிங் என்று எழுதி வேறு அறைக்கு அனுப்பினார்.

அது அறை இல்லை. உடைந்த கட்டில்களை அடுக்கிய இடத்தில் ஒரு மேசை. நாற்பது வயதுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எம் பேரு மெர்லின். நாகர்கோயில். நான் டாக்டர் இல்லக்கா, சைக்காலஜிஸ்ட். மாத்திரை எழுத மாட்டேன்."

"பெறகு எதுக்கு இருக்கிய?"

சிரித்துவிட்டாள். "அதத்தான் இங்க எல்லாரும் கேக்காங்க."

ஒரு தாளை எடுத்து வாசித்தாள். "போன ரெண்டு வாரத்துல எதுலயும் ஆர்வம் இல்லாம இருந்துச்சா? இல்லவே இல்ல, சில நாள், பாதி நாள், தினமும். எது?"

"எதுல ஆர்வம்?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அது இதுல போடலக்கா." தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

நான் டைரியைக் கொடுத்தேன். இருபத்திரண்டாம் தேதியை இரண்டு தடவை படித்தாள். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதுல நோய் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. ஆனா நீங்க ஆட்ட வித்திருக்கக் கூடாது."

"போலீசு வந்து நின்னா என்னம்மா செய்ய?" என்றார் இவர்.

மாத்திரையை நான் விட்டதைச் சொன்னேன். திட்டினாள். "நீங்களா நிறுத்தப்பிடாது, உடம்புக்குக் கேடு. நான் டாக்டர்ட்ட பேசி முறையா கொறைக்கச் சொல்லுதேன்." வெளியே ஒரு பையனின் அம்மா காத்திருந்தாள். அவனுக்குக் காதில் குரல் கேட்குமாம். அந்தம்மாவிடம், "கோயில்ல சொன்னாங்க, குறிகாரன் சொன்னான்னு மாத்திரைய விட்டுராதீங்க" என்று மெர்லின் கண்டிப்பாகச் சொன்னாள்.

"அவனுக்கு மட்டும் வேணும், எனக்கு வேண்டாமா?" என்று கேட்டேன்.

"அவனுக்கு மாத்திரை போட்டா அந்தக் கொரல் அடங்குது. அவனே சொல்லுதான். உங்கள யாரும் கேக்கவே இல்லியே."

ஜனவரி 28, புதன்

மத்தியான மாத்திரை நின்றது. டாக்டரே சீட்டில் அடித்துக் கொடுத்தார். ராத்திரிக்குப் பாதி.

பிப்ரவரி 2, திங்கள்

மெர்லின் வந்தாள். டவுன் பஸ்ஸில் அந்தப் பக்கம் இறங்கி, பள்ளிக்கூட வாசலில் நின்று, நான் நடு ரோட்டில் கம்பை நீட்டியதும் பிள்ளைகளோடு கடக்கப் பார்த்தாள். ஒரு அடி வைப்பாள், பின்னால் போவாள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையைப் பிடித்து, "டீச்சர், வண்டியப் பாக்காதீக, பேச்சி அத்தையப் பாத்துக்கிட்டே வாங்க" என்றாள். வந்து சேர்ந்தபோது மெர்லினின் உள்ளங்கை நனைந்திருந்தது.

"இத நான் தினமும் கடக்கணும்னா எனக்கும் தூக்கம் வராதுக்கா" என்றாள். "இதுக்குப் பேரு பயம். இது இருக்க வேண்டியது."

கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள். கனியின் போட்டோ இல்லையா என்று கேட்டாள். அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அது பிடித்தது.

போகும்போது கேட்டாள். "அக்கா, கடைசிப் பிள்ளையும் கடந்து ஊருக்குள்ள போயிட்டு. அதுக்கப்பறமும் நீங்க கம்ப எறக்கல. வண்டியெல்லாம் ஹாரன் அடிக்கான். யாரு வரணும்?"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 4, புதன்

ஒருவேளை ஏதாவது பிள்ளை எழுதி முடிக்காமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். சிலதுகள் தண்ணீர் குடிக்கப் போய்ப் பிந்தும். அதற்காகத்தான் நிற்கிறேன். மெர்லினிடம் அப்போதே இதைச் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஆஸ்பத்திரி. டாக்டர் அறைக் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே மெர்லினும் அவரும் பேசியது வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"நான் உன்னக் கவுன்சிலிங் பண்ணச் சொன்னா நீ பஸ் ஏறி ரோட்டப் பாத்துட்டு வாரே."

"சார், நம்ம ஓபியில கந்துவட்டிக்காரன் வீட்டப் பூட்டுனா மாத்திரை. புருசன் மண்டைய ஒடச்சா மாத்திரை. மகள லாரி அடிச்சாலும் அதே மாத்திரை. அடிச்சவனுக்கு ஒண்ணும் இல்ல, அடிபட்டவளுக்கு மட்டும் நோய். ஊர்ல உள்ள தப்புக்கெல்லாம் நாம பேஷண்ட் பேரு எழுதிக்கிட்டு இருக்கோம்."

"வெளிய எத்தன பேரு நிக்கான்னு பாத்தியா? ஆளுக்கு மூணு நிமிசம் கெடைக்கு. அதுக்குள்ள நான் என்ன, பாலம் கட்டவா?"

"கட்ட வேண்டாம் சார். ரோடுதான் காரணம்னு எழுதுங்க, போதும்."

"கேஸ் ஷீட்ல அதுக்கு எடம் இல்லம்மா."

"அதத்தான் சார் நானும் சொல்லுதேன்."

எனக்குப் பின்னால் நின்ற கிழவர், "அந்தப் பிள்ள வேலைக்கு ஆபத்து" என்றார்.

வெளியே வந்த மெர்லினிடம், கடைசியில் நிற்பது பிந்தி வருகிற பிள்ளைகளுக்காக என்று சொன்னேன். "சரிக்கா" என்றாள். நம்பவில்லை. ஆனாலும் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

மேனேஜரைப் பற்றிக் கேட்டாள். கனி எதற்காக நேர்ந்தாள் என்றாள். நேர்ந்ததை நடக்கும் முன்னால் வெளியே சொல்லக்கூடாது என்றேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

எஸ்.ஐ. வீட்டுக்கே வந்துவிட்டார். வீட்டுக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"பலவேசம், ஒம்ம பொண்டாட்டிக்கு ஒரு வழி பண்ணும். திங்கக்கிழம ஆஸ்பத்திரியில சேத்துட்டு அந்தப் பேப்பரக் கொண்டாந்து குடும். இல்லன்னா கேஸ் போட்டு உள்ள வைக்க வேண்டியிருக்கும். நல்லதுக்குச் சொல்லுதேன்."

"அய்யா, எம்புட்டு நாளைக்கு உள்ள இருக்கணும்?"

"சரியாவுற வரைக்கும்."

"எது சரியாவுற வரைக்கும்யா?" என்று நான் கேட்டேன். "ரோடா?"

எஸ்.ஐ. என்னைப் பார்க்காமல் வீட்டுக்காரரிடமே, "பாத்தீரா, இதுதான்" என்றார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வீட்டுக்காரர் ஒரு பையில் என் சேலை இரண்டு, சீப்பு, பற்பொடி எல்லாம் எடுத்து வைத்தார். கனியின் போர்வையையும் வைத்தார். அதை வெளியே எடுத்தேன். மறுபடி வைத்தார். "ராத்திரி குளுரும் ஏட்டி" என்றார். நான் அவரோடு பேசவில்லை.

என்னை உள்ளே வைத்துவிட்டால் பிள்ளைகளுக்கு யார் கம்பு நீட்டுவார்கள் என்றுதான் யோசனை. டெய்லரிடம் கேட்டேன். தையல் இருக்கிறது என்றான். ஒற்றைச் செருப்போடு வந்தது அவன் மகன்தான்.

பிப்ரவரி 16, திங்கள்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

விடிந்ததும் வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றது. ஆட்டு வியாபாரி இறங்கினான். பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் புது மஞ்சள் துணி, மாலை வேறு.

"ஏ பலவேசண்ணே, என்ன காரியம்யா செஞ்சீரு? நேர்ந்த கிடாவக் கொண்டு எந் தலையில கட்டிட்டீரே. இத எவனும் வெல கேக்க மாட்டேங்கான். நேத்துதான் காதப் பாத்தேன். போன வாரம் வண்டி ரெண்டு தடவ பஞ்சராச்சு, எம் மாமியா வந்தவ இன்னும் போகல."

கன்னத்தில் போட்டுக்கொண்டு, கிடாவைத் தானே இறக்கிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

மேனேஜர் தலையைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்குள் போனது. அரிசிப் பானைப் பக்கம் போய் மோந்து பார்த்தது. வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். கார்த்திகையில் கூட அவர் அப்படி அழவில்லை. நான் போய்க் கஞ்சித் தண்ணீர் வைத்தேன். யாருக்காவது வேலை இருக்க வேண்டுமே.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். பையும் வந்தது. டாக்டர், ஒரு ஏட்டு, மெர்லின். மேசையில் தாள்.

மெர்லின் என்னிடம் கேட்டாள். "அக்கா, இங்க தங்க உங்களுக்குச் சம்மதமா?"

"இல்ல."

"சார், அவங்க வேண்டாங்காங்க. சுய நெனவோட சொல்லுதாங்க. யாரையும் அடிக்கல, தன்னையும் ஒண்ணும் செய்யல. போலீசுக்குச் சவுரியம்னு ஒருத்தரப் படுக்க வைக்கதுக்கு இது ஆஸ்பத்திரியா, லாக்கப்பா?"

"மெர்லின், நீ கொஞ்சம் வெளிய இரு" என்றார் டாக்டர். அவர் கத்தவில்லை. களைத்துப்போனவர் மாதிரி இருந்தார். வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "நீர் என்ன சொல்லுதீரு?" என்றார்.

இவருக்குப் பேச்சு வராது என்று எனக்குத் தெரியும். ஏட்டு பேனாவை மூடி கழற்றி நீட்டினார். இவர் பேனாவைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"அய்யா, கிடா திரும்பி வந்துட்டு" என்றார்.

"என்ன கிடா?"

"மாடன் கிடா. எம் மக நேர்ந்தது. அது இவ சொன்னாத்தான் கேக்கும். இவ இங்க இருந்தா அத யாரு பத்துறது? கையெழுத்து என்னால போட முடியாதுய்யா."

அவர் ஒரு டாக்டர் முன்னாலும் ஒரு போலீஸ் முன்னாலும் முடியாது என்று சொல்லி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. காரணம் ஆடாக இருந்தால் என்ன.

டாக்டர் தாளை இழுத்து ஏதோ எழுதினார். ஏட்டிடம், "வீட்டுல சம்மதிக்கல. அந்தம்மாவும் சம்மதிக்கல. நான் அட்மிட் பண்ண முடியாது. அதுதான் எழுதியிருக்கேன்" என்றார். பிறகு என்னிடம், "ராத்திரி மாத்திரையும் அடுத்த வாரத்தோட விட்டுரலாம்" என்றார். இவ்வளவு நேரத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் சொன்னது அது ஒன்றுதான்.

வெளியே மெர்லின் உடைந்த கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாசக் கடைசியோடு அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒப்பந்த வேலை. நான் அழப்போகிறேன் என்று நினைத்து, "எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

"கவுன்சிலிங் வேணுமா?" என்று கேட்டேன்.

அந்தக் கட்டில் ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள்.

பிப்ரவரி 18, புதன்

மேனேஜரைப் பத்திக்கொண்டு போனேன். ஒற்றை ஆடு. ஆனால் மஞ்சள் துணியும் மாலையும் தூரத்திலேயே தெரிகிறது. முதலில் வந்த லாரிக்காரன் நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கும்பிட்டான். மேனேஜர் அவசரமே படாது. நடு ரோட்டில் நின்று ஒரு புளுக்கை போட்டுவிட்டுத்தான் நகரும். பிள்ளைகள் வரிசையாக அதன் பின்னால் வந்தார்கள்.

பிப்ரவரி 20, வெள்ளி

எஸ்.ஐ. வந்தார். ஜீப்பைக் குறுக்கே நிறுத்தி, "ஒத்த ஆட்டுக்கு நாலு வழியவும் மறிக்கணுமா?" என்றார்.

"மாடனுக்கு நேர்ந்ததுய்யா. மறிக்கது நான் இல்ல. வேணும்னா நீங்களே புடிச்சு ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்க." கயிற்றை நீட்டினேன்.

எஸ்.ஐ. காதைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஜீப் டிரைவர் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தான்.

"எப்ப வெட்டுவிய? வார கோயில் கொடைக்கா?"

"நேர்ந்தது நடந்தாத்தான் வெட்ட முடியும்."

"என்ன நேர்ச்ச?"

சொல்லக்கூடாது. ஆனால் நேர்ந்தவளே இல்லை. இனி யாரிடம் மறைக்க வேண்டும். அதுவும் இவர் காதில்தான் விழ வேண்டும் என்று தோன்றியது. பிள்ளைகளும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"ரோட்டுக்கு அடியில எங்க பிள்ளைக நடக்கப் பாத வந்தா கிடா வெட்டுதேன்னு எம் மக நேர்ந்திருக்கா. பாத வரட்டும், மறுநாளே வெட்டிருவோம். நீங்களும் சாப்பிட வாங்க. அதுவரைக்கும் இது மாடனோட ஆடு. தெனமும் கடக்கும். இது செத்தா இன்னொண்ண நேர்ந்து விடுவேன்."

எஸ்.ஐ. "மேல எழுதிப் போடுதேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பை ஓரம் கட்டச் சொன்னார். எழுதுவாரோ மாட்டாரோ. ஜீப் ஓரத்துக்குப் போனது.

பிப்ரவரி 27, வெள்ளி

மெர்லின் போன் செய்தாள். இன்றோடு ஆஸ்பத்திரி முடிந்ததாம். நாகர்கோயிலில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, வருகிறவர்களை என்ன நடந்தது என்று கேட்கப் போகிறாளாம். "தாள் இல்லாமலா?" என்றேன். "தாள் இல்லாமத்தான்" என்றாள்.

பிறகு நானே சொன்னேன். "பிந்தி வார பிள்ளைக்குன்னு சொன்னேன்லா. அது யாருன்னு எனக்குத் தெரியும். அது வராதுன்னும் தெரியும். தெரிஞ்சுதான் நிக்கேன்."

சரிப்படுத்துகிற மாதிரி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"நில்லுங்கக்கா" என்றாள்.

மார்ச் 2, திங்கள்

கனியின் போட்டோவை எடுத்துத் துடைத்துச் சுவரில் மாட்டினேன். ஆணி அடித்தது வீட்டுக்காரர். கோணலாக அடித்தார்.

சாயங்காலம் அவரும் வந்தார். அந்தப் பக்கம் மேனேஜரோடு நின்று பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பினார். நான் நடுவில் கம்போடு நின்றேன். எல்லாரும் கடந்தாயிற்று. கடைசியில் டெய்லர் மகன் புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். கிடாவும் வந்துவிட்டது, அவரும் வந்துவிட்டார். ரோடு காலியாக இருந்தது.

கம்பை இறக்கவில்லை. தினமும் இந்த நேரத்துக்கு வருகிற சிமெண்ட் லாரி முன்னால் நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்தார். வா போகலாம் என்பார் என்று நினைத்தேன். கம்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவரும் பள்ளிக்கூடப் பக்கம் பார்த்தார்.

அந்தச் சிமெண்ட் லாரிக்காரன் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்து, "ஆளு வரணும்ல, பொறுங்கடே" என்று கத்தினான். இஞ்சினை அணைத்தான்.

அவள் கடக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றோம். பிறகு கம்பை எடுத்தேன்.

மாத்திரை இல்லை. சாப்பிட்டேன். தூக்கம் வருகிறது.

நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு.